ஓஷ்காஷ் விமானத் திருவிழாவும் சிறு விமானங்களின் பொருளாதாரமும்

பயிற்சி அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில், பால் பண்ணைகளுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பெயர்பெற்ற விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரியின் மேற்குக் கரையில் ஓஷ்காஷ் என்றொரு நகரம் உள்ளது. 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை 66 ஆயிரத்தைச் சிறிதளவே தாண்டும். நம் நாட்டு அளவுகோலில் ஒரு நடுத்தர நகராட்சிக்கு ஒப்பான ஊர். ஆயினும் ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி வாரத்தில் இந்நகரின் விட்மன் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே மிக அதிகமான விமானங்களை ஏற்றி இறக்கும் கோபுரமாக மாறிவிடுகிறது. 2025ஆம் ஆண்டு ஜூலை 21 முதல் 27 வரை அங்கு நடைபெற்ற விழாவின் மொத்த வருகை சுமார் 7 இலட்சத்து 4 ஆயிரம் என அமைப்பாளர்கள் கணக்கிட்டனர். விட்மன் நிலையத்திலும் சுற்றுவட்டாரத்திலுள்ள பிற நிலையங்களிலுமாக 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்திறங்குவது அங்கே வழக்கமாகிவிட்டது.

விமானக் கண்காட்சி என்றதும் பாரிஸ், ஃபார்ன்பரோ முதலிய பெயர்களே அலுவலர்கள் மனத்தில் எழும். நம் நாட்டிலும் 1996 முதல் பெங்களூரை அடுத்த எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி நடைபெற்று வருகிறது. அங்கெல்லாம் விற்பவர் பெருநிறுவனங்கள். வாங்குபவர் விமானப் போக்குவரத்துக் கழகங்களும் பாதுகாப்பு அமைச்சகங்களும். பொதுமக்கள் வெறும் பார்வையாளர்கள். ஓஷ்காஷின் இயல்பு வேறு. இது விமானிகள் தத்தம் விமானங்களிலேயே பறந்து வந்து கூடும் விழா. வாங்குபவரும் விற்பவரும் கட்டுபவரும் பழுது பார்ப்பவரும் பலவேளைகளில் ஒரே ஆளாக இருப்பதைக் காணலாம். இறக்கையின் நிழலில் சிறு கூடாரம் அடித்து, அதிலேயே ஒரு வாரம் குடும்பத்தோடு தங்குவோர் ஏராளம். முகாம்களில் தங்குவோர் தொகை மட்டுமே 40 ஆயிரம் வரை செல்கிறது.

பட்டறையில் பிறந்த சங்கம்

இவ்விழாவை நடத்துவது எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்னும் சோதனை விமானச் சங்கம். 1953ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மில்வாக்கி நகரில் பால் போபரஸ்னி என்ற விமானி கூட்டிய ஒரு சிறு கூட்டத்தில் அது தோன்றியது. சங்கத்தின் பெயரிலுள்ள "சோதனை" என்ற சொல் ஆராய்ச்சிக் கூடத்தைக் குறிப்பதன்று. தொழிற்சாலைச் சான்று பெறாமல் தனியார் தாமே கட்டிய விமானங்களுக்கு அமெரிக்கச் சட்டம் அளிக்கும் பறப்பு அனுமதி வகையின் பெயர் அது. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த முதல் விழாவுக்கு வந்தவர்கள் 150 பேருக்கும் குறைவு.

சங்கம் வளர்ந்ததற்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை பெருங்காரணமாயிற்று. 1955இல் "மெக்கானிக்ஸ் இல்லஸ்டிரேட்டட்" என்ற தொழில்நுட்ப மாத இதழில், எஞ்சின் உள்பட 800 டாலருக்கும் குறைந்த செலவில் ஒரு விமானத்தைத் தானே கட்டிக்கொள்வது எப்படி என்று போபரஸ்னி எழுதினார். போரிலிருந்து திரும்பிய பல்லாயிரம் இளைஞர்களிடம் கைத்திறனும் பறக்கும் ஆசையும் இருந்தன, பணந்தான் இல்லை. அத்தகையோரை அக்கட்டுரை சங்கத்தின்பால் ஈர்த்தது. 1959இல் விழா இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்கும், 1970இல் ஓஷ்காஷுக்கும் பெயர்ந்தது. பந்தய விமானியும் வடிவமைப்பாளருமான ஸ்டீவ் விட்மன் பல்லாண்டுகள் அந்த விமான நிலையத்தின் மேலாளராக இருந்தவர்; நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கொரோனாத் தொற்றால் 2020இல் மட்டும் விழா நடைபெறவில்லை.

வானில் ஒரு வரிசை

ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் ஒரே நாளில் ஓரிடத்தை நோக்கி வரும்போது அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? நிர்வாகத்தில் ஈடுபாடுடையோர் ஆழ்ந்து கவனிக்கத்தக்க ஏற்பாடு இது. விலையுயர்ந்த ராடாரோ கணினியோ இதன் உயிர்நாடியன்று. ஓஷ்காஷுக்குத் தென்மேற்கே ரிப்பன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வரும் விமானங்கள் அவ்வூருக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் சேரவேண்டும். 1,800 அடி உயரம், மணிக்கு 90 நாட் வேகம், முன்னே செல்லும் விமானத்துக்கும் தமக்கும் இடையே அரை மைல் இடைவெளி - இம்மூன்றே விதிகள். வழிகாட்டியாக அமைவது கீழே செல்லும் இருப்புப்பாதை. அவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாத விரைவு விமானங்களுக்கு 2,300 அடியில் 135 நாட் வேகத்தில் மற்றொரு வரிசை உண்டு.

இருப்புப்பாதையைத் தொடர்ந்து வந்தால் ஃபிஸ்க் என்னும் குக்கிராமம் வரும். அங்கே தரையில், திறந்த வெளியில், தொலைநோக்கியும் கையுமாகச் சில கட்டுப்பாட்டு அதிகாரிகள் அமர்ந்திருப்பார்கள். மேலே வரும் விமானத்தின் நிறத்தையும் இறக்கை அமைப்பையும் கண்ணால் பார்த்து, "நீல நிற மேலிறக்கை விமானமே, இறக்கையை அசைத்துக் காட்டு" என்று வானொலியில் கூறுவர். விமானி வாய் திறந்து பதில் சொல்லுதல் கூடாது. இறக்கையை இருபுறமும் ஆட்டினால் போதும். பல்லாயிரம் பேர் பேசத் தொடங்கினால் ஓர் அலைவரிசை தாங்காது என்பதை உணர்ந்து வகுத்த முறை இது. பின்னர் எந்த ஓடுபாதைக்குச் செல்வது என்ற கட்டளை வரும். ஓடுபாதையின் மீது பல நிறங்களில் பெரிய வட்டங்கள் தீட்டப்பட்டிருக்கும். ஒருவரைப் பச்சை வட்டத்திலும் அடுத்தவரை ஆரஞ்சு வட்டத்திலும் இறங்கச் சொல்வதால், ஒரே ஓடுபாதையில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விமானங்கள் இறங்கிவிடும். சாதாரண நாட்களில் இது விதிமீறல். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எழுத்துமூலம் விலக்கு அளிக்கப்பட்டு, முன்கூட்டியே அறிவிப்பாக அச்சிட்டு ஒவ்வொரு விமானியின் கையிலும் சேர்க்கப்படுகிறது. 2018ஆம் ஆண்டு விழாவையொட்டிய 11 நாட்களில் 19,588 முறை விமானங்கள் ஏறின அல்லது இறங்கின. கோபுரம் திறந்திருந்த நேரத்தில் மணிக்குச் சராசரி 134 முறை என்றால், அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒன்று எனலாம்.

இப்பணிக்கு நாடெங்கிலுமிருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் தாமே முன்வந்து விண்ணப்பித்து, தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றனர். இளஞ்சிவப்புச் சட்டை அவர்களின் அடையாளம். அதை அணிவது அத்துறையில் ஒரு பெருமையாகக் கருதப்படுகிறது. அரசுப் பணியில் இத்தகைய பெருமைகள் செலவின்றிக் கிடைக்கும் ஊக்கத்தொகை என்பதை எந்நாட்டு நிதித்துறையும் மறந்துவிடலாகாது.

இவ்வளவு ஒழுங்கும் விபத்தை முற்றிலும் விலக்கிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, ஒரே நாளில், ஏரியில் விழுந்த ஒரு பழைய போர்ப்பயிற்சி விமானத்திலும், நிலையத்தில் ஒரு ஹெலிகாப்டரும் கைரோகாப்டரும் மோதிக்கொண்ட விபத்திலுமாக நால்வர் உயிரிழந்தனர். விழா நடைபெறும் வாரத்தில் துயரச் செய்தி வருவது அங்கு அரிதன்று.

காண்பதற்குரியவை

நிலையத்தின் நடுவேயுள்ள பெருந்திடலில் அவ்வப்போது பெரும் விமானங்கள் வந்து நிற்கும். 1985இல் கான்கார்டு வந்தது. 2009இல் ஏர்பஸ் ஏ-380 வந்தது. 2011இல் போயிங் 787 வந்தது. 2005இல், தனியார் செலவில் விண்வெளி எல்லையைத் தொட்ட முதல் ஊர்தியான ஸ்பேஸ்ஷிப்ஒன், தன்னைச் சுமந்து செல்லும் தாய் விமானத்தோடு வந்தது. உலகில் இன்னும் பறக்கும் நிலையிலுள்ள பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இரண்டே. அவ்விரண்டும் 2017இல் ஓஷ்காஷ் வானில் இணைந்து பறந்தன. மிதவை விமானங்களுக்கென ஏரிக்கரையில் தனித்துறை, மிகு இலேசு விமானங்களுக்குப் புல்தரை, இரவில் வாணவேடிக்கையோடு கூடிய சாகசப் பறப்பு என்று காட்சிகள் விரியும். அவற்றை ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டுவதில்லை.

பழைய போர் விமானங்களின் அணிவகுப்பில் மட்டும் இந்தியர் சற்று நின்று பார்க்கவேண்டிய ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப் படை தன் பி-24 லிபரேட்டர் விமானங்களைக் கான்பூரில் கைவிட்டுச் சென்றது. மீண்டும் பயன்படாவண்ணம் அவற்றைச் சிதைத்துவிட்டே சென்றது. 1948இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைச் செப்பனிட்டு உயிர்ப்பித்தது. இந்திய விமானப் படை 1968 வரை அவற்றைப் பயன்படுத்தியது. பிற நாடுகளில் ஆயிரக்கணக்கான லிபரேட்டர்கள் உருக்கி அலுமினியமாக்கப்பட்டுவிட்ட பிறகு, உலக அருங்காட்சியகங்கள் இந்தியாவை நாடி வந்தன. இன்று எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல, இங்கே பணியாற்றியவை. அவற்றுள் ஒன்று அமெரிக்க அறக்கட்டளை ஒன்றால் புதுப்பிக்கப்பட்டு, 1989இல் மீண்டும் பறந்து, பின்னர் ஓஷ்காஷிலும் காட்சி தந்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் எதையும் எறியாத ஒரு நாட்டின் சிக்கனம் உலகுக்கு ஓர் அரும்பொருளைக் காத்துக்கொடுத்தது.

கூட்டம் மிகக் குறைவாகத் திரும்பிப் பார்க்கும் இடம், பயன் மிகுந்த இடம், பயிற்சிப் பட்டறைகளே. உலோகத் தகட்டை வளைப்பது, ரிவெட் அடிப்பது, குழாய்களைப் பற்றவைப்பது, இறக்கைக்குத் துணி போர்த்துவது, கண்ணாடி இழையில் பிசின் ஊட்டுவது ஆகியவற்றை அனுபவமுடையோர் இலவசமாகக் கற்பிக்கின்றனர். 2014இல் ஒரு புதுமை செய்தார்கள். பெட்டிகளில் வந்த பாகங்களை விழாத் திடலிலேயே பிரித்து, வழிப்போக்கராக வந்த ஆயிரக்கணக்கானோரை ஆளுக்கொரு ரிவெட் அடிக்கச் செய்து, ஏழே நாட்களில் ஸெனித் நிறுவனத்தின் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி முடித்தனர். அது தன் எஞ்சின் விசையிலேயே தரையில் ஓடிக் காட்டியது. 2018இல் மற்றொரு வகை விமானத்தைக் கொண்டு அதையே மீண்டும் செய்தனர். 8 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரை உறுப்பினர்கள் தம் செலவில் முதன்முறை பறக்க அழைத்துச் செல்லும் திட்டம் 1992இல் தொடங்கிற்று. 2016இல் அவ்வாறு பறந்தோர் தொகை 20 இலட்சத்தை எட்டியது.

ஏன் வீட்டிலேயே கட்டினார்கள்?

பொருளாதார மாணவர்க்கு ஓஷ்காஷின் வளர்ச்சி ஒரு புதிர்போல் தோன்றும். தொழிற்சாலைகளின் வீழ்ச்சியோடு சேர்ந்து வளர்ந்த விழா அது. 1978இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,811 சிறு விமானங்களை விற்பனைக்கு அனுப்பின. 1994இல் அத்தொகை 928. பதினாறே ஆண்டுகளில் ஒரு தொழில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. எண்ணெய் விலையேற்றம், கடும் வட்டி, முந்தைய ஆண்டுகளில் விற்றுக் குவிந்த பழைய விமானங்களின் போட்டி எனக் காரணங்கள் பல. ஆனால் உற்பத்தியாளர்கள் முதலாவதாகச் சுட்டிக் காட்டியது இழப்பீட்டு வழக்குகளை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானம் இன்று விழுந்தாலும் அன்று கட்டிய நிறுவனமே நீதிமன்றத்தில் நிற்கவேண்டியிருந்தது. அதற்கான காப்பீட்டுக் கட்டணம் ஒவ்வொரு புதிய விமானத்தின் விலையிலும் ஏறிற்று. 1986இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களைக் கட்டுவதையே நிறுத்திக்கொண்டது. பைப்பர் நிறுவனம் 1991இல் திவால் நிலையை அடைந்தது.

1994 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், சிறு விமானம் விற்று 18 ஆண்டுகள் கடந்தபின் உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடர இயலாது என்று வரம்பிட்டது. செஸ்னா மீண்டும் கட்டத் தொடங்கியது. எனினும் இடைப்பட்ட காலத்தில் விமானம் விரும்புவோர் வேறு வழி கண்டுவிட்டனர். தொழிற்சாலையில் கட்டி விற்றால் வழக்கும் சான்றுச் செலவும். வீட்டில் கட்டிக்கொண்டால் இரண்டும் பெருமளவு இல்லை. அமெரிக்க விதிப்படி ஒருவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ விமானத்தின் பெரும்பகுதியைத் தாமே கட்டியிருந்தால் அதற்குச் சோதனை வகை அனுமதி கிடைக்கும். பேச்சு வழக்கில் இதனை 51 விழுக்காட்டு விதி என்பர். அவ்விமானத்தை வாடகைக்கு விடலாகாது. தொடக்கத்தில் 25 அல்லது 40 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து நிலைநாட்டவேண்டும். இது தொழிற்சாலைத் தரத்துக்குச் சான்று பெறாதது என்ற எச்சரிக்கையை, ஏறும் எவர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்திருக்கவேண்டும். ஆபத்தை அரசு ஒழிக்கவில்லை. அதற்கு வேலி போட்டு, வேலிக்குள் நுழைபவருக்கு அறிவிப்பும் கொடுத்துவிட்டது.

இந்த வழியில் இரண்டு பெயர்கள் ஓஷ்காஷ் வரலாற்றில் நிலைத்தன. ஒருவர் பர்ட் ரூட்டன். நுரைப்பொருளைச் செதுக்கி, அதன்மேல் கண்ணாடி இழை போர்த்தி, அச்சு வார்ப்பு எதுவுமின்றி விமானம் கட்டும் முறையை அவர் பரப்பினார். 1975இல் அவரது வேரிஈஸீ விமானம் ஓஷ்காஷில் தோன்றியபோது, முன்புறம் சிற்றிறக்கையும் பின்புறம் எஞ்சினுமாக இருந்த அவ்வடிவம் பலரை வியப்பிலாழ்த்தியது. அதே முறையின் வளர்ச்சியாகத் தோன்றிய வாயேஜர் 1984இல் அங்கு வந்தது. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் அதில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல், ஒன்பது நாட்களில் உலகைச் சுற்றி முடித்தனர்.

மற்றவர் ரிச்சர்டு வான்கிரன்ஸ்வன். அவர் 1972இல் கொண்டுவந்த ஆர்.வி.-3 என்ற ஒற்றை இருக்கை அலுமினிய விமானத்தில் வியப்பூட்டும் வடிவம் எதுவுமில்லை. ஆனால் எளிதில் கட்டலாம், விரைவாகப் பறக்கும், குறுகிய ஓடுபாதையில் இறங்கும். அவர் நிறுவிய வான்ஸ் நிறுவனத்தின் பாகத் தொகுப்புகளிலிருந்து 2023க்குள் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டுப் பறந்தன. வாங்குபவர் தம் உழைப்புக்குக் கூலி கணக்கிடுவதில்லை. விலை குறைவின் இரகசியம் அதுவே.

அந்நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்டோர் கட்டளைகளைக் குவித்தனர். உற்பத்தியைப் பெருக்க லேசர் கதிரால் வெட்டிய பாகங்களில் துளை ஓரங்களில் விரிசல்கள் காணப்பட்டன. அவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. முன்பணம் பெற்று உறுதி செய்த விலையோ செலவுக்குக் கீழே நின்றது. பழைய விலையில் கட்டளை கொடுத்தோர் கூடுதல் தொகை செலுத்த ஒப்பினால்தான் நிறுவனம் நீடிக்கும் என்ற நிலை. பல வாடிக்கையாளர்கள் பாதி கட்டிய விமானத்தோடு வீட்டுக் கொட்டகையில் காத்திருந்தனர். 2024இல் நிறுவனம் அந்நிலையிலிருந்து மீண்டது. 2022 விழாவில் அது முதன்முறை காட்டிய ஆர்.வி.-15 என்ற மேலிறக்கை விமானம் பெற்ற வரவேற்பைக் கண்டவர் எவரும், அடுத்த ஆண்டே இவ்வாறு நேரும் என்று கருதியிருக்க மாட்டார்கள்.

அரங்கேறியவையும் மறைந்தவையும்

புது விமானங்கள் அரங்கேறும் மேடை என்பது ஓஷ்காஷின் மற்றொரு முகம். மேடை ஏறியதெல்லாம் சந்தையில் நின்றதில்லை. விஸ்கான்சினைச் சேர்ந்த கிளாப்மையர் சகோதரர்கள் 1987இல் ஒரு பாகத் தொகுப்பு விமானத்தைக் காட்டினர். அது பெரிதும் விற்கவில்லை. அவர்களே 1994இல் சிர்ரஸ் எஸ்.ஆர்.20 திட்டத்தை அங்கு வெளியிட்டு, 1998இல் சான்று பெற்றனர். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாரசூட்டை இயல்பான உறுப்பாகவே அதில் பொருத்தியிருந்தனர். எஞ்சின் நின்றால் விமானி ஒரு பிடியை இழுக்கவேண்டும். சிறு ராக்கெட் பாரசூட்டை வெளியே இழுத்து விரிக்கும். பழைய விமானிகள் முதலில் இதனை எள்ளி நகையாடினர். இதுவரை 200க்கும் மேற்பட்டோர் அதனால் உயிர் தப்பியுள்ளனர்.

ஹோண்டா நிறுவனம் இறக்கையின் மேலே எஞ்சினைப் பொருத்திய சிறு ஜெட்டை 2005இல் ஓஷ்காஷில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதை விற்பனைக்குக் கட்டப்போவதாக அறிவித்தது. இறுதிச் சான்று 2015 டிசம்பரில்தான் கிடைத்தது. ஆழ்ந்த பணப்பை உடையவர்க்கே பத்தாண்டுக் காத்திருப்பு இயலும். 10 இலட்சம் டாலருக்கும் குறைவாக ஜெட் விமானம் தருவதாக முன்வந்த எக்லிப்ஸ் நிறுவனம் 2006இல் ஓஷ்காஷிலேயே தற்காலிகச் சான்றைப் பெற்றது. சுமார் 260 விமானங்களை ஒப்படைத்த நிலையில் 2008 நவம்பரில் திவாலாயிற்று.

இவற்றுள் செஸ்னா ஸ்கைகேச்சரின் கதையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இலேசு விளையாட்டு விமானம் என்ற புதிய வகையை 2004இல் அமெரிக்கா அனுமதித்தது. எடை 600 கிலோகிராம், இருக்கைகள் இரண்டு, சமதளப் பறப்பு வேகம் 120 நாட் என்பவை மேல்வரம்புகள். முழு உரிமம் பெறும் காலத்திலும் செலவிலும் ஏறக்குறைய பாதியில் விமானியாகலாம் என்பது நோக்கம். 2007 விழாவில் செஸ்னா, ஸ்கைகேச்சரை 1 இலட்சத்து 9 ஆயிரத்து 500 டாலர் அறிமுக விலையில் அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் குவிந்தன. செலவைக் குறைக்கச் சீனாவின் ஷென்யாங்கில் கட்டுவது என முடிவாயிற்று. சோதனைப் பறப்பில், சுழல்வீழ்ச்சி ஆய்வின்போது 2008இலும் 2009இலும் இரு விமானங்கள் இழக்கப்பட்டன. வால் பகுதி திருத்தப்பட்டது, காலம் தாழ்ந்தது. 2011இல் விலை 1 இலட்சத்து 49 ஆயிரத்து 900 டாலராக உயர்ந்தது. எரிபொருளை முழுதாக நிரப்பினால், பருத்த உடலுடைய ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஏறினாலே எடை வரம்பு இடித்தது. பயிற்சிப் பள்ளிகள் பழைய செஸ்னாக்களையே செப்பனிட்டு ஓட்டின. இருநூறுக்கும் குறைவான விமானங்களே வாங்குவோர் கைக்குச் சென்றன. விற்காமல் தங்கிய எஞ்சியவை 2016இல் உடைத்துக் கழிக்கப்பட்டன. கூலி மலிந்த நாட்டில் கட்டினால் விலை குறையும் என்ற கணக்கில், குறைந்த எண்ணிக்கை உற்பத்தியின் நிலைச் செலவையும், கப்பலில் கொண்டுவந்து மீண்டும் பூட்டும் செலவையும் போதிய அளவு சேர்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

அண்மைக் காலத்தில் மின்சார விமானங்கள் கவனத்தை ஈர்க்கின்றன. 2021இல் ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனத்தின் பன்சுழலி ஊர்தி, மனிதர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓஷ்காஷ் திடலுக்கு மேல் பறந்தது. 2024 டிசம்பரில் அந்நிறுவனம் கடனடைக்க இயலாமல் நீதிமன்றம் சென்றது. மின்கலம் தரும் பறப்பு நேரம் குறைவாகவே இருப்பதால், பயிற்சிச் சுற்றுகளுக்கு அப்பால் இவ்வகை வளர நாளாகும்.

கட்டணத்தை யார் செலுத்துவது?

2013ஆம் ஆண்டு ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்க வரவு செலவுத் திட்டத்தில் தானியங்கி வெட்டுகள் நடைமுறைக்கு வந்தன. கூட்டாட்சி வான்போக்குவரத்து நிர்வாகம், ஓஷ்காஷுக்கு அனுப்பும் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் பயணப்படி, மிகைநேர ஊதியம் ஆகியவற்றுக்காகச் சுமார் 4 இலட்சத்து 47 ஆயிரம் டாலரைச் சங்கமே செலுத்தவேண்டும் என்றது. சங்கம் வெகுண்டது. விமான எரிபொருள்மீது விமானிகள் வரி செலுத்துகின்றனர். அந்த வரியிலிருந்து கிடைக்கவேண்டிய சேவைக்கு மீண்டும் கட்டணமா என்பது அவர்கள் வாதம். நிர்வாகத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு தனியார் சங்கத்தின் விழாவுக்காக நாடெங்குமுள்ள கோபுரங்களிலிருந்து ஆட்களை எடுக்கும்போது, அச்செலவை விழாவுக்கு வராத வரிசெலுத்துவோர் ஏன் ஏற்கவேண்டும்? விமானங்கள் பாதுகாப்பாக இறங்கவேண்டுமே என்று, எதிர்ப்பைப் பதிவு செய்துகொண்டே சங்கம் பணம் கட்டியது; நீதிமன்றத்தையும் நாடியது. 2014இல் ஒன்பதாண்டு உடன்பாடு ஒன்றில் வழக்கு முடிந்தது.

பயன் யாருக்கு என்று பார்த்தால் விடை எளிதாகத் தோன்றும். 2017இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு, சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களுக்கு விழாவால் ஆண்டுக்கு 17 கோடி டாலர் பொருளாதாரப் பயன் கிடைப்பதாகக் கணக்கிட்டது. விடுதிகள் மட்டுமல்ல, கோடை விடுமுறையில் காலியாக இருக்கும் மாணவர் தங்கு இல்லங்களும், சாதாரணக் குடும்பங்களின் உபரி அறைகளுங்கூட வாடகைக்குப் போகின்றன. ஆயின் இத்தகைய கணக்குகளை எச்சரிக்கையுடனே எடுத்துக்கொள்ளவேண்டும். ஓஷ்காஷில் செலவழித்த டாலர் வேறோர் ஊரில் செலவாகியிருக்கக்கூடியதே; அது அப்பகுதிக்கு வரவு, நாட்டுக்கு அதே அளவு வரவன்று. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களின் ஊதியமற்ற உழைப்பும் எந்த ஏட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

விழாவின் அரசியல் எடைக்கு மற்றொரு சான்று, விதி வகுப்போர் அங்கு வந்தே அறிவிப்பதாகும். 2004இன் இலேசு விமான விதி ஓஷ்காஷை ஒட்டியே வெளியாயிற்று. 2025 ஜூலை 22 அன்று போக்குவரத்து அமைச்சர் விழா மேடையிலேயே அதன் திருத்தத்தை வெளியிட்டார். 600 கிலோகிராம் எடை வரம்பு நீங்கியது. அதற்குப் பதிலாக, விமானம் தாங்கும் ஆற்றலை இழக்கும் குறைந்தபட்ச வேகமே அளவுகோலாயிற்று. விளையாட்டு விமானி உரிமம் உடையோர் நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்டலாம். உடன் ஏற்றிச் செல்வது மட்டும் ஒருவரையே. ஸ்கைகேச்சரை வீழ்த்திய எடைக் கணக்கு, இருபத்தொரு ஆண்டுகள் கழித்து விதிப்புத்தகத்திலிருந்து அகன்றது.

இந்தியத் தொடர்பு

நம் பறக்கும் சங்கங்களில் ஒரு தலைமுறை விமானிகள் கற்ற புஷ்பக் விமானம், 1958இல் முதன்முதல் பறந்தது. அதன் மூல வடிவம், ஓஷ்காஷின் பழைய விமானப் புல்வெளியில் இன்றும் காணக்கூடிய ஏரோங்கா சீஃப். பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தி ஆய்வுக்கூடம் 1980களில் இழைக் கூட்டுப்பொருள் தொழில்நுட்பத்தைக் கற்கத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த பாடநூல் ரூட்டனின் லாங்-ஈஸீ விமானமே. அமெரிக்க இல்லங்களின் கார்க் கொட்டகையில் கட்டுவதற்காக வரைந்த விமானத்தை நம் அறிவியலாளர் ஆய்வு விமானமாகக் கட்டிப் பறக்கவிட்டனர். அங்கே பெற்ற கைத்திறன் 1993இல் பறந்த ஹன்ஸா பயிற்சி விமானத்துக்கு உதவிற்று. ஹன்ஸா 2000இல் சான்று பெற்றது. அதன் புதிய வடிவமான ஹன்ஸா-என்.ஜி. 2021 செப்டம்பரில் பறந்தது.

சான்றுக்கும் சந்தைக்கும் இடையே ஹன்ஸா கடந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், செஸ்னாவும் ஹோண்டாவும் பட்ட பாடு நமக்குப் புதிதன்று. கட்டிய எண்ணிக்கை மிகக் குறைவு. பறக்கும் சங்கங்களோ இறக்குமதி விமானங்களையே வாங்கின. விமானிகளின் தேவை பெருகிவரும் நாட்டில் பயிற்சி விமானம் கட்டும் தொழில் நிலைபெறாமல் இருப்பது, தொழில்நுட்பக் குறையால் மட்டும் நேர்ந்ததன்று. தொடர்ந்து வாங்குவதாக உறுதி கூறும் ஒரு வாடிக்கையாளர் இல்லாததே பெருங்குறை.

தனியார் முயற்சியைப் பொறுத்தவரை, மும்பையில் ஒரு விமானி தம் குடும்பம் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டியதைப் பலர் செய்தித்தாள்களில் படித்திருப்பர். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த இந்தியாவில் உற்பத்தி செய்வோம் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதற்குப் பதிவு எண் கிடைத்தது 2017 நவம்பரில். இத்தகைய விமானத்தை எந்த விதியின்கீழ் ஏற்பது என்பதே இடைப்பட்ட காலத்துக் கடிதப் போக்குவரத்தின் பொருளாக இருந்தது. 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, 2030க்குள் இந்தியாவை வான் விளையாட்டில் முன்னணி நாடுகளுள் ஒன்றாக்குவது என்ற குறிக்கோளை வகுத்துள்ளது. அக்கொள்கையில் அடங்கும் விளையாட்டுகளின் பட்டியலில், பாராகிளைடிங், பலூன் ஆகியவற்றோடு, தனியார் தாமே கட்டும் சோதனை விமானங்களும் இடம்பெற்றுள்ளன.